அய்யாவு பார்த்து எடுத்த வண்டி

நாலாங்கட்டைத் தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்த தமிழன் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் அய்யாவு. மலாய் நாட்டில் திகாம் பத்துவிலிருந்து குருண் போகிற பெரிய சாலையான சடக்கை விட்டு, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்குள் இரண்டு மைல் தள்ளியிருந்தது அந்தத் தோட்டம். அங்கே வெள்ளைக்காரத் துரையின் காரை ஒன்பது வருஷம் அவன் ஓட்டினான். துரை ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்துவான். இறங்கும் இடத்தில் திறந்து விடுவான். வழியில் ஒரு நாள்கூட வண்டி நின்றதில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்பதில் அவனுக்கு ஒரு கர்வம்.

அந்த ஒன்பது வருஷத்தில் அவன் வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் காரில் ஏறியது கிடையாது. அவன் மனைவி அழகம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுகொண்ட அன்று நடுப்பகல். துரை பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் என் வேலை போய்விடும் என்று சமையல்காரன் கையை விரித்தான். அய்யாவு பங்களா வாசலில் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து, மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். பாதி வழியிலேயே பிள்ளை இறந்து பிறந்தது. அதன் பிறகு அழகம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அத்தனை நேரமும் காரின் சாவி அவன் சட்டைப் பையில்தான் கிடந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது பிள்ளையைப் புதைத்த பிறகுதான்.

சப்பான்காரன் வந்தான். ஜித்ராச் சண்டையில் வெள்ளைக்காரன் தோற்றான் என்ற சேதி கேட்ட அன்றே துரை தானே காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார். கித்தாவை வாங்க ஆளில்லை. பால் வெட்டுகிற மரக் காடெல்லாம் புதர் மண்டியது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலி ஆட்கள் மரவள்ளி நட்டுத் தின்றார்கள். அய்யாவும் அவன் தம்பி மணியமும் சேர்ந்து ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தினார்கள். மணியத்துக்கு இருபத்து நாலு வயது. தாய் தகப்பன் காய்ச்சலில் போன பிறகு அண்ணனும் அண்ணியும் வளர்த்த பிள்ளை. செல்லாயியைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த தையில் அவள் முழுகாமல் ஆனாள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் தோட்டத்துக் கிராணி தர்மலிங்கம் அய்யாவைக் கூப்பிட்டனுப்பினார். ஆபீசில் கணக்கெழுதுகிறவர். புதிதாக வந்த சப்பான்காரருக்கும் அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"அய்யாவு, பட்டணத்துல பறிமுதல் பண்ணுன காடியெல்லாம் ஒரு கிடங்குல கெடக்குது. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லி உத்தரவு. வாடகைக்கு ஓட்டிக்கலாம். லைசன் உன் பேர்ல. ஆபீஸ்ல எப்ப கூப்பிட்டாலும் வரணும், அது ஒண்ணுதான்."

"சும்மாவா குடுப்பாங்க, ஐயா?"

"சும்மா எவன் குடுப்பான்? ஆனா உன்னால முடியும். நாளைக்கே போயிப் பாரு."

அழகம்மா யோசிக்கவில்லை. கையிலிருந்த ஒரு ஜோடி காப்பைக் கழற்றி வைத்தாள். "கொட்டில்ல கெடக்கிற ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். "நம்ம லயத்துல ஒருத்திக்கு வலி வந்தா, அவளாச்சும் காடில போவட்டும்."

மறுநாள் அண்ணனும் தம்பியும் ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே சுங்கைப் பட்டாணி போனார்கள். பழைய கித்தாக் கிடங்கின் பின்னால் புல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. பலவற்றுக்குச் சக்கரமே இல்லை. ஓடக்கூடியவை என்று மூன்றைத்தான் சொல்ல முடியும். காவலுக்கு ஒரு சீன மெக்கானிக் இருந்தான், ஆ ஹோக் என்று பெயர். துரையின் வண்டிக்குச் சாமான் வாங்கப் போன காலத்திலிருந்து அய்யாவுக்குப் பழக்கம்.

மணியம் நேராகப் போய் ஒரு நீளமான கறுப்புக் காரின் முன்னால் நின்றுவிட்டான். வெள்ளித் தட்டு மாதிரி இரண்டு விளக்கு. உள்ளே சிவப்புத் தோல் இருக்கை.

"அண்ணே, இதான். இதுல அண்ணி ஏறுனா துரைசாணியாட்டம் இருக்கும்."

"உங்கண்ணி துரைசாணி ஆவறதுக்குள்ள நாம பிச்சக்காரனாயிருவோம்" என்று சிரித்துக்கொண்டே அய்யாவு மூடியைத் திறந்தான். இயந்திரம் பெரிது, எண்ணெய் குடித்துத் தீர்க்கும். எண்ணெய்க் கோலை உருவி, நுனியை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தான். தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்திருந்தது. கோலைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததுக்குப் போனான்.

அது இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பச்சை வண்டி. கதவடியில் திருப்புளியைக் குத்தினான். மரச்சட்டம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

மூன்றாவது ஒரு சின்ன பழுப்பு வண்டி. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல் இருக்கும். ஒரு பக்கத்து மட்கார்டு நசுங்கிப் போயிருந்தது. மணியம் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். அய்யாவு முன்னால் குனிந்து ஹேண்டிலை மாட்டி மெதுவாகச் சுற்றினான். நாலு சுற்றிலும் கை ஒரே மாதிரி தடுத்தது. காற்று எங்கும் ஒழுகவில்லை. பிறகு அடியில் படுத்தான். ஸ்பிரிங் பட்டைகளை விரலால் தடவி எண்ணினான். ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தான். அரைமணி நேரம் வெளியே வரவில்லை. மணியம் புல்லில் படுத்து ஒரு தூக்கமே போட்டுவிட்டான்.

"பெசார் தா குனா. கெச்சில், தாப்பி ஜாலான்" என்றான் ஆ ஹோக். பெரியது உதவாது, சின்னதுதான் ஓடும் என்று அவனும் சொன்னதில் அய்யாவுக்கு மனம் குளிர்ந்தது.

இன்னொரு கணக்கும் அவனிடம் இருந்தது. ஜித்ராவிலிருந்து குருண் வரை சண்டை நடந்த சடக்கோரம் முழுக்க, இதே ஜாதி வண்டிகள் ஐந்தாறு கவிழ்ந்து கிடந்தன. நாளைக்கு ஒரு சாமான் உடைந்தால் அதிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். புதுச் சாமான் கப்பலில் வரப்போகிற காலமா அது?

"அழகா இல்லியேண்ணே" என்று எழுந்து வந்த மணியம் முனகினான்.

"அழகு எதுக்குடா? போன எடத்துல நிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பெட்ரோல் கிடைக்காது. காப்பையும் ஆட்டையும் வாங்கிக்கொண்டு ஆ ஹோக் வண்டியின் பின்புறம் ஒரு இரும்புக் கரியடுப்பைப் பொருத்திக் கொடுத்தான். கரியை மூட்டிக் கொஞ்ச நேரம் விசிறினால், அந்தப் புகையிலேயே இயந்திரம் ஓடும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் லயத்து முன்னால் வண்டி வந்து நின்றபோது ஊரே திரண்டது. அழகம்மா முன் இருக்கையில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக் கோயில் வரை போய் வந்தாள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பங்குனியும் சித்திரையும் நல்ல மாதங்கள். குருண் சந்தைக்கு மரவள்ளியும் காய்கறியும் ஏற்றினான். திகாம் பத்துவில் ஒரு மலாய்க்காரக் கிழவருக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்; அவர் பிழைத்தார். பக்கத்து லயத்துப் பெண்ணொருத்திக்கு வலி எடுத்தது. வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெண் குழந்தை. அந்த வீட்டார் கும்பிட்டபோது அவன் வண்டியைத் துடைக்கிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றுகொண்டான்.

வைகாசி பிறந்ததும் தர்மலிங்கம் கூப்பிட்டார்.

"சயாமுல ரயில் ரோடு போடுறாங்க, அய்யாவு. மூணு மாச வேலை. அரிசி, துணி, கூலி எல்லாம் உண்டு. உள்ள தள்ளியிருக்கிற நம்ம டிவிஷனுக்கு லாரி வர மாட்டேங்குது. பேர் குடுத்த ஆளுங்கள நீ சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன்ல கொண்டு விடணும்."

அய்யாவு கொண்டுபோய் விட்டான். ஒரு நடைக்கு நாலு பேர், ஐந்து பேர். பெரும்பாலோருக்குக் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பழக்கமான ஆள் என்பதால் அவனிடமே கேட்டார்கள்.

"போலாமாண்ணே? ஒண்ணும் பயமில்லியே?"

"மூணு மாசந்தானேப்பா" என்றான் அய்யாவு. அவனும் அதை நம்பத்தான் செய்தான். இங்கே மரவள்ளியைத் தின்று வயிறு வீங்குவதை விட அங்கே அரிசிச் சோறாவது கிடைக்குமே என்று நினைத்தான்.

ஆனி மாதப் பட்டியலில் மணியத்தின் பெயர் இருந்தது. அவன் பெயர் கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒருவன் என்று ஆபீசே எழுதிக்கொண்டது. அய்யாவு ஓடினான்.

"ஐயா, அவன் பொஞ்சாதி மாசமா இருக்கா. என்னை எழுதிக்குங்க."

தர்மலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. "உன்ன அனுப்பிட்டா காடிய யாரு ஓட்டுறது? அவன் பேர அடிச்சா வேற ஒருத்தன் பேர எழுதணும். யாரு பேர எழுதட்டும், நீயே சொல்லு."

அய்யாவு லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். திரும்பி வந்துவிட்டான்.

புறப்படும் நாள் காலையில் செல்லாயி அழவில்லை. சோற்றுப் பொட்டலத்தை மணியத்தின் கையில் கொடுத்து, "புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துரணும்" என்றாள். "வராம?" என்றான் அவன். பின்னால் மூன்று பேர் ஏறினார்கள். அதில் மனோகரன் என்பவன் பால் வெட்டுகிற ஆள், லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவன். மணியம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். ரயில் பத்து மணிக்கு.

திகாம் பத்து தாண்டியதும் பின் டயர் இறங்கிப்போயிற்று. மாற்று டயர் அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது? டியூபைக் கழற்றி ஒட்டித்தான் ஆகவேண்டும். எல்லோரும் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மணியம் மட்டும் அண்ணன் பக்கத்தில் குத்தவைத்தான்.

"மெதுவா ஒட்டுண்ணே" என்றான்.

அய்யாவு நிமிர்ந்து பார்த்தான். தம்பி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

"ரயிலு போயிருச்சுன்னா நம்ம தப்பா? டயரு தப்பு."

"வெளையாடாத. ஸ்டேஷன்ல சிப்பாய் நிக்கிறான். நேரம் தப்பினா அடிச்சே கொன்னுருவான். உன்னையும் என்னையும்."

அய்யாவின் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. ஓட்டையைக் கண்டுபிடித்தான், சுரண்டினான், கித்தாப் பால் தடவிச் சூடு காட்டி ஒட்டினான், காற்றடித்தான், சக்கரத்தை மாட்டினான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம் அது. நேரம் தப்பக் கூடாது என்பதைத் தவிர அந்தக் கால்மணியில் அவன் மனதில் வேறொன்றும் இல்லை.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் நின்றுகொண்டிருந்தது. சாமான் ஏற்றுகிற பெட்டிகளில் ஆட்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள். சிப்பாய் கத்தினான், நாலு பேரும் ஓடினார்கள். பெட்டிக்குள் ஏறிய மணியம் திரும்பி, கூட்டத்துக்கு மேலாகத் தலையை நீட்டிச் சத்தமாகச் சொன்னான்:

"உன் காடி ஏமாத்தலண்ணே!"

கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அன்று குருண் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஏழு பேரை ஏற்றிவந்த லாரி வழியில் படுத்துவிட்டது. ரயில் போன பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சிப்பாய் ஆளுக்கு இரண்டு அறை விட்டு, விமானத் திடலில் மண் சுமக்க அனுப்பினான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டான். ஏழு பேரும் சண்டை முடியும் வரை உயிரோடு இருந்தார்கள். கரி வாங்குவதற்காக ஸ்டேஷனிலேயே தங்கியிருந்த அய்யாவு, அந்த இரண்டு அறையையும் தன் கண்ணாலேயே பார்த்தான்.

மூன்று மாதம் போயிற்று. கடிதம் இல்லை, ஆள் இல்லை. ஐப்பசியில் செல்லாயிக்குப் பெண் பிறந்தது. மாரியம்மா என்று பெயர் வைத்தார்கள். அப்போதுதான் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் ஜித்ராப் பக்கம் பேசியது காதுக்கு வந்தது. மழையில், சேற்றில், வாந்திபேதியில் ஆட்கள் கொத்துக் கொத்தாய்ச் சாகிறார்கள். புதைக்க ஆளில்லாமல் மூங்கிலை அடுக்கி எரிக்கிறார்கள்.

அடுத்த வாரமே தர்மலிங்கம் மறுபடி பட்டியலோடு வந்தார். இன்னும் பத்துப் பேர்.

மறுநாள் நடுப்பகலில் அய்யாவு ஓடைக்குப் போய் ஒரு டின் மணல் அள்ளிவந்தான். எண்ணெய் ஊற்றுகிற வாயைத் திறந்து, அத்தனையையும் உள்ளே கொட்டினான். பிறகு கரியடுப்பை மூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்றான். முதலில் நறநறவென்றது. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசிக் கத்துகிற சத்தம். அழகம்மா வெளியே ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் கட்டையில் உட்கார்ந்தாள். பெரிதாக ஒரு இடி இடித்து வண்டி நின்றது. அதற்குப் பிறகு அதை யாராலும் ஓட்ட முடியவில்லை.

ராணுவத்தார் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் இயந்திரம் தெரியும். அவனை ஆபீஸ் முன்னால் கட்டி வைத்து மரக்கட்டையால் அடித்தார்கள். இடது முழங்கால் நொறுங்கியது. பத்துப் பேரும் அன்றைய ரயிலில் போகவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து எப்படியோ ஒரு லாரி உள்ளே வந்து ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனது. மற்ற நாலு பேர் அதற்குள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ரயில் வரும் நாளெல்லாம் அய்யாவு கோலை ஊன்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குப் போனான். வந்தவர்கள் எலும்புக்கூடாக இறங்கினார்கள். அவன் கொண்டுபோய் விட்டவர்களில் இருபது பேருக்கு ஒருவர் வீதம்கூட வரவில்லை. தை மாதம் ஒரு நாள் மனோகரன் இறங்கினான். காலில் புண், தலையில் மயிர் இல்லை. அய்யாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.

செல்லாயி அவனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கஞ்சி வைத்தாள். குழந்தை மடியில் இருந்தது. அழகம்மாவும் அய்யாவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மணியம் போன ரெண்டாம் மாசமே வாந்திபேதியில் போய்விட்டான் என்றான் மனோகரன். தான் பக்கத்தில் இருந்ததாகவும், அவன் தண்ணீர் கேட்டதாகவும், தான் கொடுத்ததாகவும் சொன்னான். செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை எப்படியாவது தேற்றவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, மனோகரன் பேச்சை மாற்றினான்.

"அன்னிக்கி எங்கள ரயிலுக்குச் சேத்ததே உங்க மாமாதாம்மா. திகாம் பத்துகிட்ட டயரு போச்சு. ரயில் போயிருமின்னுதான் நெனச்சோம். மணியம்கூட மெதுவா ஒட்டுண்ணேன்னான். கால்மணி நேரத்துல முடிச்சுட்டாரு! என்னா கை அது! இல்லாட்டி சிப்பாய்கிட்ட செம்ம ஒத வாங்கியிருப்போம்."

செல்லாயி அய்யாவைப் பார்த்தாள். இரண்டரை வருஷமாக அவன் அதைச் சொல்லவில்லை. லாரி நின்றுபோன ஏழு பேரைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அப்படியா மாமா?" என்றாள்.

அய்யாவு ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் அவள் ஜித்ராவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தாள். அழகம்மா எவ்வளவோ கெஞ்சினாள். போகிற அன்று காலையில் அய்யாவுதான் அவள் தகரப் பெட்டியைத் தோளில் வைத்து, நொண்டி நொண்டிச் சடக்கு வரை சுமந்தான். அவள் தடுக்கவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோது அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும், மாமா. உங்களுக்கு ஒரு வேலையக் குடுத்தா அத ஒழுங்காச் செய்யத்தான் தெரியும். ஆனா தெனமும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியல."

"எங்க இருந்தாலும் நல்லா இரும்மா" என்றான் அய்யாவு. பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினான். குழந்தை அவன் விரலை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. செல்லாயி ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து தோட்டம் மறுபடி நடந்தது. புதுத் துரை கார் ஓட்டக் கூப்பிட்டபோது, கால் சரியில்லை என்றான் அய்யாவு. கித்தாப் பால் கொட்டகையில் வாளி கழுவுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பொங்கலுக்குப் பொங்கல் மாரியம்மாவுக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கி, ஜித்ராவுக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். வாங்கிக்கொண்டதாகச் சேதி வரும். வேறு சேதி வராது. அழகம்மா இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளை மணியம் மாதிரியே சிரிக்கிறாள் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான், நானும் வருகிறேன் என்று சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், நெஞ்சுச் சளி முற்றி, மூன்று நாள் படுத்திருந்து அய்யாவு இறந்தான். செல்லாயி மகளோடு வந்தாள். அழகம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிணம் எடுக்கும் வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.